பேரூராட்சிக்கு ட்ரோன் மேப்பிங் வேணுமா? கொட்டேஷன் வந்திருக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வார்டு_11

வணக்கம் மக்களே. கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவுல ஒரு சின்ன பேரூராட்சி, அதுல நான் வார்டு மெம்பர். ஊர் பேரு வேண்டாம், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு வரி படிச்சாலே தெரிஞ்சிரும். மொத்தம் 6 சதுர கிலோமீட்டர் கிட்ட வரும், பாதி தென்னையும் ரப்பரும், மீதி வீடும் கடையும்.

பிரச்சனை என்னன்னா ஐப்பசி மழை ஒரு ராத்திரி நின்னு பெஞ்சா சந்தை முக்குல முட்டளவு தண்ணி. முந்தி மேல விளையில, அதாவது மேட்டுத் தோட்டத்துல இருந்து இறங்கற தண்ணி ஏலா வழியா, அதாவது தாழ்ந்த வயல் வழியா குளத்துக்குப் போவும், இப்ப ஏலாவுல பாதிய நிரப்பி வீடு வச்சாச்சு, அதுல எனக்க சொந்தக்காரங்க வீடும் உண்டு, மறைக்க ஒண்ணுமில்ல. 2021 நவம்பர்ல மாவட்டமே முங்கினப்ப எங்க சந்தையில மூணு நாள் ஒரு கடை திறக்கல. அதுக்குப் பிறகு ஓடை கட்டணும் ஓடை கட்டணும்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் பேசுதோம், எங்க இருந்து எங்க கட்டணும்னு கேட்டா ஆளுக்கு ஒரு திசையக் காட்டுதாங்க.

இப்ப ஒரு கம்பெனிக்காரங்க வந்து ட்ரோன் வச்சு ஊரையே மேப் பண்ணித் தாறோம், மழைநீர் ஓடை, ரோடு அகலப்படுத்தறது, மாஸ்டர் பிளான், வீட்டு வரி எல்லாத்துக்கும் ஆவும்னு பெரிய டிவியில படம் போட்டுக் காட்டினாங்க. சாம்பிளுக்கு எனக்க வார்டையே பறத்தி எடுத்திருந்தாங்க. மாடியில காயப்போட்ட கொப்பரை கூட எண்ணிப் பாக்கலாம் அவ்வளவு தெளிவு. மெம்பருங்க எல்லாரும் வாயப் பிளந்து பாத்தாங்க, நானும்தான். வெளிய வந்தப்புறம்தான் யோசிச்சேன், கொப்பரை தெரிஞ்சா நமக்கு என்ன, தண்ணி எங்க போவுதுன்னு தெரியுமா?

இதுல இருக்கறவங்க பைய விளக்கமா சொல்லுங்க. கேக்கற காசு குடுக்கலாமா, இல்ல கவர்மெண்ட் திட்டம் வல்லதும் வர்றவரைக்கும் காத்திருக்கலாமா? ட்ரோன் பறத்த யாருகிட்ட பெர்மிஷன் வாங்கணும்? அடுத்த கூட்டத்துல தீர்மானம் வருது.

பறக்கும்_மார்த்தாண்டம்

மெம்பர் சார், நான் நாலு வருஷமா இதே தொழில்தான் பண்றேன், ஆனா உங்களுக்கு வந்த கொட்டேஷன் என்னோடது இல்ல, அதனால மனசு விட்டு சொல்றேன்.

முதல்ல பறக்கற கணக்கு தெரிஞ்சுக்கோங்க, அது தெரிஞ்சா யாரும் உங்கள ஏமாத்த முடியாது. 1 இன்ச் சென்சார், 20 மெகாபிக்ஸல், 8.8 மில்லிமீட்டர் லென்ஸ், இதுதான் ரொம்ப பேர் வச்சிருக்கற மாதிரி கேமரா. அதோட 100 மீட்டர் உயரத்துல பறந்தா ஒரு பிக்ஸல் தரையில 2.7 சென்டிமீட்டர், ஒரு போட்டோல 150 மீட்டர் அகலம் 100 மீட்டர் நீளம் இடம் விழும். ஆனா போட்டோ ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழுந்தாதான் சாஃப்ட்வேர் தைக்கும், முன்ன பின்ன 80 சதவீதம், பக்கவாட்டுல 70 சதவீதம் வைப்போம். அப்போ 20 மீட்டருக்கு ஒரு க்ளிக், 45 மீட்டருக்கு ஒரு கோடு. சதுர கிலோமீட்டருக்கு 1,100 போட்டோ, உங்க ஊருக்கு ஓரம் எல்லாம் சேத்து 7,000 தாண்டும். பறக்கற தூரம் சதுர கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர், செகண்டுக்கு 7 மீட்டர் வேகத்துல போனா திரும்பற நேரமும் சேத்து ஒரு மணி நேரம், அதாவது மூணு பேட்டரி. ஆக மொத்தம் உங்க ஊரு நல்ல வெயில் அடிக்கற ரெண்டு நாள் வேலை. கொட்டேஷன்ல பறக்கறதுக்கே மாசக்கணக்கு போட்டிருந்தா அது எதுக்குன்னு கேளுங்க. தரையில நடந்து அளக்கறதுக்குன்னு சொன்னா கொள்ளாம், அத எழுத்துல வாங்குங்க.

பெர்மிஷன் விஷயம். 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் ரூல்ஸ்தான் இப்ப ஓடுது. டிஜிட்டல் ஸ்கைனு சைட் இருக்கு, அதுல மேப் திறந்தா பச்சை, மஞ்சள், சிவப்புனு பிரிச்சிருக்கும். பச்சையில 120 மீட்டர், அதாவது 400 அடி வரைக்கும் தனியா பறக்கற பெர்மிஷன் தேவையில்ல. ஆனா ட்ரோனுக்கு அடையாள எண் இருக்கணும், தொழிலா பறத்தறவன் கிட்ட ரிமோட் பைலட் சர்டிஃபிகேட் இருக்கணும், 250 கிராமுக்கு உள்ள இருக்கற நானோவுக்குதான் அது வேண்டாம். சிவப்புல மத்திய அரசு அனுமதி இல்லாம ஒரு அடி ஏத்த முடியாது. நம்ம மாவட்டத்துக் கிழக்கு ஓரத்துல ஆரல்வாய்மொழி தாண்டினா மகேந்திரகிரியில இஸ்ரோ, அந்தாண்ட கூடங்குளம், அதனால அந்தப் பக்கம் வேலைன்னா அன்னன்னைக்கு காலையில மேப் பாக்காம பெட்டியத் திறக்கவே மாட்டேன். உங்க கல்குளம் பக்கம் பெரும்பாலும் தொந்தரவு இல்ல, இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் குடுத்துட்டு பறத்தினா மனசுக்கு நிம்மதி.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன். நம்ம மாவட்டத்துல ட்ரோனுக்கு முதல் எதிரி மரம். மதுரை பக்கம் ஒரு ஊர பறந்து எடுத்தா வீடு வீடா வெட்ட வெளிச்சமா விழும். இங்க மேல இருந்து பாத்தா ஊரே தெரியாது, தென்னை மண்டையும் பலாவும் அயனியும்தான் தெரியும், அதுக்கு அடியில ரோடு, இடவழி, ஓடை, வீடு எல்லாம் ஒளிஞ்சு கிடக்கும். போட்டோ வச்சு பண்ற மேப்பிங்ல கேமராவுக்குத் தெரியாத தரைக்கு அளவே கிடையாது, சாஃப்ட்வேர் அந்த இடத்துல சுத்தி இருக்கறத வச்சு ஒரு ஊகத்துல நிரப்பும், படம் பாக்க அழகா இருக்கும், பொய்யா இருக்கும். லைடார்னு லேசர் வச்ச ட்ரோன் இருக்கு, அது இலைக்கு இடையில புகுந்து கொஞ்சம் தரையத் தொட்டுட்டு வரும், ஆனா விலை வேற லெவல். அது இல்லன்னா ஒரு வழி இருக்கு, தை மாசம் பறங்க. ரப்பர் இலை உதிர்ற நேரம், ரப்பர் விளைக்குள்ள தரை பளிச்சுனு தெரியும். தென்னைக்கும் பலாவுக்கும் அந்த வைத்தியம் செல்லாது. ஆனி ஆடியில பறக்கலாம்னு யாராவது சொன்னா விட்டுருங்க, முப்பந்தல்ல காத்தாடி சுத்துற அந்த காத்துல ட்ரோன் ஒரு பக்கமா சாஞ்சுதான் நிக்கும், தென்னை ஓலையும் ஆடிக்கிட்டே இருக்கும், ஆடற இலைய சாஃப்ட்வேரால தைக்க முடியாது.

இன்னொண்ணு, செம்பருந்து. சிரிக்காதீங்க. போன வருஷம் குளக்கரையில ரெண்டு பருந்து சேந்து என் ட்ரோன அடிச்சு விளையாடிச்சு, ப்ரொப்பெல்லர் உடஞ்சு நெல்லுக்குள்ள விழுந்தது, சேறு கழுவி எடுக்க ஒரு நாள் ஆச்சு.

பழைய_சங்கிலி

நான் நில அளவைத் துறையில இருந்து ரிட்டயர்டு. பூதப்பாண்டி பக்கம் வீடு. மார்த்தாண்டம் தம்பி நல்லா சொல்லிட்டாரு, எனக்கு ட்ரோன் பறத்தத் தெரியாது, ஆனா எல்லைக்கல்லு தேடத் தெரியும். அதுல ரெண்டு வார்த்தை சொல்லுதேன்.

ட்ரோன் படத்துல தெரியற மதிலோ கய்யாலையோ எல்லை கிடையாது மக்கா. அது அனுபவம், அதாவது இப்ப யாரு கையில இருக்குங்கறது மட்டும். எல்லைங்கறது புலப்படத்துல, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளந்து வரஞ்ச அரசாங்கப் படத்துல இருக்கு, கல்லுல இருக்கு. மதில் உள்ள தள்ளியும் இருக்கும் வெளிய ஏறியும் இருக்கும், பாதிக்கு மேல வெளிய ஏறித்தான் இருக்கும், அது வேற கதை. ரோடு அகலப்படுத்தறோம்னு ட்ரோன் படத்த வச்சு கோடு கிழிச்சு நோட்டீஸ் குடுத்தீங்கன்னா ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனாலே தடை வாங்கிருவான். ட்ரோன் படத்து மேல புலப்படத்த ஏத்திப் பாக்கணும், புறம்போக்கு அகலம் எவ்வளவு, இப்ப தரையில இருக்கறது எவ்வளவு, அந்த வித்தியாசத்தக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் ட்ரோன் உதவும்.

அந்த ஏத்தற வேலை லேசுல்ல. ஒவ்வொரு புலமும் தனித்தனி தாள்ல வரஞ்சது, கொலாப்லேண்ட் சாஃப்ட்வேர்ல ஏத்தியிருக்காங்க, ஆனா பக்கத்துப் பக்கத்துப் புலத்த சேத்து வச்சா ஓரம் முட்டாது, ஒரு இடத்துல இடைவெளி, ஒரு இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு. பத்தாததுக்கு நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பழைய பிரமாணத்துல, அதாவது பத்திரத்துல பழைய சர்வே எண்தான் இருக்கும், வீட்டோட சேந்த இடத்த புரையிடம்னு எழுதியிருக்கும், இப்ப பட்டாவுல ரீசர்வே எண். ரெண்டையும் ஒப்பிட்டு வைக்காம ஆரம்பிச்சா கடைசியில இது எனக்க இடம் அது உனக்க இடம்னு பகளம்தான்.

கம்பெனிக்காரன் எத்தனை கட்டுப்பாட்டுப் புள்ளி வைக்கப் போறான்னு கேளுங்க. இப்பத்த பசங்க ஜிசிபினு சொல்லுவாங்க, தரையில வெள்ளையில குறி போட்டு டிஜிபிஎஸ், அதாவது துல்லியமான ஜிபிஎஸ் கருவி வச்சு எடுக்கறது. அதுல ரெண்டு மூணு புலக்கல்லு மேலயே வைக்கச் சொல்லுங்க, அப்பத்தான் நாளைக்கு புலப்படத்தோட சேக்க முடியும். அவங்க வசதிக்கு ரோட்டு ஓரத்துலயே வச்சிட்டுப் போனாங்கன்னா படம் தனியா நிக்கும், ரெக்கார்டு தனியா நிக்கும். குறிய சுண்ணாம்புல போடவும் விடாதீங்க, எங்க ஊர்ல ஒரு தடவ சாயங்காலம் போட்டான், ராத்திரி மழை, காலையில ஒண்ணையும் காணும். பெயிண்ட்ல போடச் சொல்லுங்க.

லிங்க்ஸ் கணக்குல நாங்க சங்கிலி பிடிச்சு அளந்த காலத்துல ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர், அதுக்குக் குறஞ்சு பேச மாட்டோம். இப்ப 2.7 சென்டிமீட்டர்ங்கறான். கல்ல பிடுங்கிப் போட்ட இடத்துல 2.7 வந்தாலும் ஒண்ணுதான் 27 வந்தாலும் ஒண்ணுதான்.

புளியமூட்டுக்காரி

யாரும் வீட்டு வரி பத்தி பேசலையே, எல்லாருக்கும் டெக்னாலஜி பேசத்தான் ஆசை. நான் சொல்றேன்.

எங்க அம்மா வீட்டுப் பக்கம் ஒரு ஊர்ல இதே மாதிரி பறந்து எடுத்து அத வச்சு வரி கூட்டினாங்க. எந்த ஊருன்னு சொல்லல. நம்ம மாவட்டத்துல மாடியில ஷீட் போடாத வீடு உண்டா? வருஷத்துக்கு ரெண்டு மழை, தளம் ஒழுகும், அதுக்கு ஷீட் போடுவோம், அதுக்குக் கீழ துணி காயும், தேங்கா காயும், கல்யாணம்னா பந்தியும் நடக்கும். மேல இருந்து பாத்தா அது ஒரு மாடி. அம்மாவுக்கு மேல் மாடி கட்டினதா நோட்டீஸ் வந்துது. 71 வயசு, முட்டு வலி, ஆபீஸுக்கு நாலு தடவ நடந்தாங்க. கடைசியில ஒரு பையன் வந்து ஏணி ஏறிப் பாத்துட்டு "ஆமா பாட்டி ஷீட்டுதான்"னு எழுதிக்கிட்டுப் போனான். அவன் முதல்லயே வந்திருந்தா?

ஓட்டு வீடு இன்னும் மோசம், ஓடு சுவர விட்டு ரெண்டு ரெண்டரை அடி வெளிய நீட்டித்தான் இருக்கும், ட்ரோன் அளக்கறது ஓட்டு விளிம்ப, சுவர இல்ல. 30க்கு 20 வீடு மேல இருந்து 35க்கு 25 ஆயிரும். 600 சதுர அடி 875 ஆச்சு, பேனாவ எடுக்காமயே கணக்குப் போடலாம்.

இன்னொரு விஷயம், குளத்துல பொம்பளைங்க குளிக்கற நேரம் காலையில ஆறுல இருந்து எட்டு, சாயங்காலமும் உண்டு. பறத்தறவங்களுக்கு அது நல்ல வெளிச்சமா இருக்கலாம். முந்தின நாள் ஆட்டோவுல மைக் கட்டி எந்தத் தெருவுல எத்தனை மணிக்குன்னு சொல்லிட்டுப் போங்க. சொல்லாம தலைக்கு மேல ஈ மாதிரி ஒண்ணு நின்னா யாருக்கானாலும் வெப்ராளம் வரும், கல்லெடுத்து எறிவாங்க, அப்புறம் ட்ரோன உடச்சிட்டாங்கன்னு கேஸ் போடுவீங்க.

பறக்கும்_மார்த்தாண்டம்

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஒரு திருத்தம் மட்டும், காலையில ஆறு மணிக்கு நாங்க பறக்கவே மாட்டோம், நிழல் நீளமா விழும், மேப்புக்கு ஆகாது. பத்துல இருந்து ரெண்டுக்குள்ளதான். ஓட்டு விளிம்ப கழிக்க சாஞ்ச கோணத்துல கேமரா வச்சு சுவரையும் சேத்து எடுக்கற முறை உண்டு, ஆனா பக்கத்து மரம் மறச்சா அதுவும் போச்சு. வரிக்குன்னா ட்ரோன் படத்த வச்சு எந்த வீட்டுக்கு ஆள் போய் அளக்கணும்னு லிஸ்ட் எடுக்கலாம். நேரா பில் போடக் கூடாது.

ஏலாக்கரை

நாகர்கோவில்தான் ஊரு, சென்னையில நகரமைப்பு சம்பந்தமான வேலை, ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர் மேப் வேலை பாக்கறேன். லேட்டா வந்திருக்கேன், நீளமா எழுதப் போறேன், மன்னிச்சுக்கோங்க.

மெம்பர் சார் கேட்டதுல நாலு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு. மாஸ்டர் பிளானுக்கு, அதாவது 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குக் கீழ வர்ற நில உபயோகப் படத்துக்கு, 2.7 சென்டிமீட்டர் படம் தேவையே இல்ல. எது குடியிருப்பு எது வயல் எது கடைத்தெருன்னு பிரிக்க சாட்டிலைட் படம் போதும், 2019 நவம்பர்ல ஏவின கார்ட்டோசாட் 3 கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர் தெளிவுல எடுக்குது. அதுக்கு ட்ரோன் காசு குடுக்கறது கோழிக்குஞ்ச தூக்க கிரேன் கொண்டு வர்ற மாதிரி. ட்ரோன் உங்களுக்குத் தேவைப்படற ஒரே இடம் அந்தத் தண்ணிப் பிரச்சனை, அதுவும் ஊர் முழுக்க இல்ல, மேல விளையில இருந்து சந்தை வழியா குளம் வரைக்கும் இருக்கற அந்தப் பட்டை மட்டும். ஒண்ணு ஒண்ணரை சதுர கிலோமீட்டர் வருமா? அத மட்டும் கொட்டேஷன் கேளுங்க.

ஆனா அங்கயும் ஒரு எல்லை இருக்கு. மழைநீர் ஓடைக்கு 500க்கு 1 சரிவுன்னு வைங்க, 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர்தான் இறக்கம். ட்ரோன் தர்ற உயரத்துல நல்லா பண்ணினாலே வெட்டவெளியில ஏழெட்டு சென்டிமீட்டர் முன்ன பின்ன இருக்கும், மரத்தடியில கேக்கவே வேண்டாம். ஒரு முனையில 8 கூட, மறு முனையில 8 குறையன்னு வந்தா உங்க 20ல 16 போச்சு, தண்ணி திரும்பி வரும். அதனால ட்ரோன் படத்த வச்சு ஓடை எந்தப் பாதையில போவணும்னு தீர்மானிக்கலாம், அடிமட்டம் எவ்வளவுன்னு தீர்மானிக்க ஆட்டோ லெவல்னு மட்டம் பாக்கற கருவி வச்சு, ஸ்டாஃப்னு அளவுக் கம்பு பிடிச்சு நடந்தே ஆகணும். கல்வெர்ட்டு, ரோட்டுக்கு அடியில போற குழாய், மறுகால், மடை, இது எதுவும் ட்ரோனுக்குத் தெரியாது. ட்ரோன் படத்துல ரோடு ஒரு அணை மாதிரி நிக்கும், சாஃப்ட்வேர்ல தண்ணிய ஓட விட்டா ரோட்டுல முட்டி குளமா நிக்கும். நடந்து போய் ஒவ்வொரு கல்வெர்ட்டையும் குறிச்சு, அந்த இடத்துல படத்த வெட்டி விட்டாதான் கணக்கு சரியா வரும்.

இதுக்கே இன்னொரு வேடிக்கை. ஆகாயத்தாமரை மூடின குளத்த தானா பிரிக்கற சாஃப்ட்வேர் 'செடி கொடி'னு போட்டுரும். நாஞ்சில் நாட்டுல ஒரு வேலைக்கு வந்த படத்துல ரெண்டு குளம் முழுசா பச்சைப் பரப்பா போயிருந்துது. யாரும் கவனிக்காம அது அப்படியே திட்டத்துல ஏறியிருந்தா பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் அங்க மனை போட பெர்மிஷன் கேப்பான்.

அடுத்தது ரெண்டு டெக்னிக்கல் கேள்வி. இத நீங்க கூட்டத்துல கேட்டாலே கம்பெனி நிமிந்து உக்காரும். ஒண்ணு, எந்த மண்டலத்துல குடுக்கறீங்கன்னு கேளுங்க. யுடிஎம்னு பூமிய பட்டை பட்டையா பிரிக்கற கணக்குல 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43ம் மண்டலம், கிழக்கே 44. சென்னை 44ல வரும், நம்ம மாவட்டம் 77ல இருக்கறதால 43. சென்னையில செஞ்ச பழைய டெம்ப்ளேட்ட வச்சே நம்ம ஊரையும் 44னு பேர் போட்டுக் குடுத்தத நானே கண்ணால பாத்திருக்கேன். க்யூஜிஐஎஸ்னு மேப் சாஃப்ட்வேர்ல திறந்தா நம்ம பேரூராட்சி இலங்கையையும் தாண்டி வங்காள விரிகுடாவுல மிதக்குது.

ரெண்டாவது, உயரம் எங்க இருந்து அளந்ததுன்னு கேளுங்க. ஜிபிஎஸ் நேரா தர்ற உயரம் கடல் மட்டத்துல இருந்து கிடையாது, பூமிக்குன்னு கணக்குல வச்சிருக்கற ஒரு வழவழப்பான முட்டை வடிவத்துல இருந்து. உலகத்துலயே அந்த முட்டைக்கும் நிஜக் கடல் மட்டத்துக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகமா இருக்கற இடம் நமக்குத் தெற்கே இந்து மகாசமுத்திரத்துல இருக்கு, கடல் மட்டம் அங்க 106 மீட்டர் கீழ. ஈர்ப்பு விசை அந்தப் பக்கம் குறைவு. நம்ம மாவட்டமே அந்தப் பள்ளத்தோட சரிவுலதான் உக்காந்திருக்கு, இங்கயும் 90 மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். திருத்தம் போடாம குடுத்தா தக்கலையில ஒரு வீட்டு உயரம் மைனஸ்ல நிக்கும். ஊரே கடலுக்கு அடியில இருக்குன்னு பயந்துராதீங்க, திருத்தம் போடச் சொல்லுங்க. பக்கத்துல இருக்கற பெஞ்ச் மார்க், அதாவது உயரம் ஏற்கனவே அளந்து குறிச்ச புள்ளியோட ஒப்பிட்டு ரிப்போர்ட் தரச் சொல்லுங்க.

கவர்மெண்ட் திட்டம் கேட்டீங்க. ட்ரோன் வச்சு நிலம் அளக்கற ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரல்ல வந்தது, அது கிராமக் குடியிருப்புக்கு, பேரூராட்சிக்கு இல்ல. நகரத்துக்குன்னு நக்‌ஷானு ஒண்ணு 2025 பிப்ரவரி 18ல தொடங்கினாங்க, நாடு முழுக்க 152 ஊர்ல முதல் கட்டம், 35 சதுர கிலோமீட்டருக்குக் கீழ, ரெண்டு லட்சம் ஜனத்தொகைக்குக் கீழ இருக்கற ஊருங்க. சர்வே ஆஃப் இந்தியா தொழில்நுட்பம் பாக்குது. அது நிலப் பதிவேட்டுக்கான திட்டம், உங்க ஓடைக்கு இல்ல. சொத்து எல்லை விஷயத்துக்கு சங்கிலி சார் சொன்ன மாதிரி அரசாங்கம் பண்ணட்டும், அதுக்குப் பேரூராட்சி காச இறைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். படத்த பிடிஎஃப்லயும் வீடியோவுலயும் குடுத்துட்டுப் போயிருவாங்க. 7,000 போட்டோவும், கட்டுப்பாட்டுப் புள்ளி லிஸ்டும், புள்ளி மேகமும் (உயரத்தோட இருக்கற 3டி புள்ளிக் கூட்டம்), ஜியோடிஃப் படமும் (இடக் கணக்கோட சேந்த படம்) பேரூராட்சிக்குச் சொந்தம்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. கணக்குல சேக்காத நாலஞ்சு புள்ளிய தனியா வச்சு அதுல எவ்வளவு பிழை வந்துதுன்னு காட்டச் சொல்லுங்க, சேத்த புள்ளியில பிழை குறவாத்தான் வரும், அது பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளக் குடுத்த மாதிரி. பிறகு அத ஆபீஸ்ல யாரு திறப்பாங்க? செயல் அலுவலர் மாறினா ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குள்ள போயிரும். க்யூஜிஐஎஸ் இலவசம், உங்க ஊர்ல சிவில் படிச்சிட்டு சும்மா இருக்கற ஒரு பிள்ளைக்கு ரெண்டு வாரத்துல சொல்லிக் குடுக்கலாம். ஓப்பன் ட்ரோன் மேப்னு தைக்கற சாஃப்ட்வேரும் இலவசம்தான், ஆனா நல்ல மெமரி உள்ள கம்ப்யூட்டர் வேணும்.

கடப்புறம்_பையன்

நான் கிள்ளியூர் தாலுகா கடற்கரை. மேல சொன்னதுல மரம் பிரச்சனை எங்களுக்கு இல்ல, எங்களுக்கு சுவர் பிரச்சனை. வீட்டோட வீடு ஒட்டி, நடுவுல ஒரு ஆள் போற சந்து, மேல ரெண்டு பக்கத்து சன்ஷேடும் முட்டிக்கிட்டு நிக்கும். மேல இருந்து பாத்தா சந்தே இல்ல. சவப்பெட்டி கொண்டு போறப்ப எந்த சந்துல திரும்பும் எதுல திரும்பாதுன்னு எங்க ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரியும், அது எந்த மேப்லயும் கிடையாது.

இன்னொண்ணு சொல்லணும். எங்க பக்கம் ட்ரோன் சத்தம் கேட்டா ஜனம் கூடிரும். இனயம் துறைமுகம்னு அளக்க வந்தாங்க, அப்புறம் 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கற திட்டம் வந்துது, அதனால மேல பறக்கறது எதுன்னாலும் நம்ம வீட்ட எடுக்க வந்ததுன்னுதான் தோணும். நல்ல காரியத்துக்கே வந்தாலும் பங்குப் பேரவையில, அதாவது சர்ச் நிர்வாகக் குழுவுல முதல்ல சொல்லிட்டு வாங்க. படத்த திரும்பக் கொண்டு வந்து காட்டவும் செய்யுங்க. எடுத்துட்டுப் போனவங்க யாரும் இதுவரைக்கும் திரும்ப வந்து காட்டினதில்ல.

வார்டு_11

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில் போட நாலு நாள் ஆயிட்டு, சும்மா இருக்கல. ஏலாக்கரை சார் சொன்னதப் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை காலையில தூய்மைப் பணி மேஸ்திரியையும், எங்க தெருவுல சிவில் முடிச்ச ஒரு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு மேல விளையில இருந்து குளம் வரைக்கும் நடந்தேன். கம்பெனிக்காரங்க குடுத்த சாம்பிள் படத்த பிரிண்ட் எடுத்து கையில வச்சிக்கிட்டேன்.

படத்துல ஒரு கல்வெர்ட்டு கூட இல்ல. நடந்ததுல ஒன்பது. அதுல ரெண்டு எனக்கே தெரியாது, அந்த வார்டுல முப்பது வருஷமா இருக்கேன். சந்தைக்கு மேல சர்ச் ரோட்டுக்கு அடியில ஒண்ணு, பாறைக்கல்லு வச்சுக் கட்டினது, திருவிதாங்கூர் காலத்து வேலையா இருக்கும்னு மேஸ்திரி சொல்லுதாரு. குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தோம். பாதிக்கு மேல மண்ணு. மண்ணுக்கு மேல ஒரு தண்ணிக் குழாய் குறுக்க போட்டிருக்கு, குழாயில சாக்கு, பிளாஸ்டிக், ஒரு தலையணை. தலையணை எங்க இருந்து வந்துதுன்னு தெரியல. எங்க சந்தையில முட்டளவு தண்ணி நிக்கறதுக்குப் பாதிக் காரணம் அந்த ஒரு ஓட்டைதான்னு மேஸ்திரி சொல்லுதாரு, அவரு பத்து வருஷமா எழுதிக் குடுக்காராம்.

இருந்தாலும் ட்ரோன் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அந்தப் பிரிண்ட் கையில இருந்ததாலதான் பழைய ஏலா எங்க வரைக்கும் இருந்துதுன்னு எனக்குப் புரிஞ்சுது, தரையில நின்னா மதில்தான் தெரியுது, மேல இருந்து பாத்தா வயல் பச்சை நாக்கு மாதிரி வீட்டுக்கு இடையில நீண்டு கிடக்கறது தெரியுது. எனக்க சொந்தக்காரங்க வீடு அந்த நாக்குக்கு நடுவுல. அத நான் கூட்டத்துல சொல்லியாகணும், வீட்டுலயும் சொல்லியாகணும், ரெண்டாவதுதான் கஷ்டம்.

தீர்மானத்த மாத்தி எழுதிக் குடுத்திருக்கேன். மொத்த ஊர் வேண்டாம், அந்தப் பட்டை மட்டும், தை மாசம், 43ம் மண்டலம், கடல் மட்ட உயரம், போட்டோ எல்லாம் நமக்கு, லெவல் எடுக்கறது தனி வேலையா அதே ஒப்பந்தத்துல. வரிக்கு இந்தப் படத்த உபயோகிக்கறது இல்லன்னும் ஒரு வரி சேத்தேன், அக்காவுக்காக. செயல் அலுவலர் படிச்சிட்டு "இந்த மண்டலம்னா என்ன சார்"னு கேட்டாரு, நானும் தெரிஞ்ச மாதிரி விளக்கினேன்.

சங்கிலி சார், ஒரு உதவி. அந்த சர்ச் ரோட்டு கல்வெர்ட்டுக்குக் கீழ பக்கம் ஓடை புறம்போக்கு ஒரு மதிலுக்குள்ள போன மாதிரி இருக்கு. புலப்படத்துல எப்படிப் பாக்கறது?

பழைய_சங்கிலி

புலப்படத்த மட்டும் பாத்தா போதாது, 'அ' பதிவேடுன்னு கிராம நிலக் கணக்கு இருக்கு, அதுலயும் ஓடைன்னு இருக்கான்னு பாக்கணும். புல எண்ணும், அதுக்கு ரெண்டு பக்கத்துப் புல எண்ணும் எழுதி வை. தாலுகா ஆபீஸ்ல நகலுக்கு எழுதிக் குடு, நீ மெம்பரா கேக்காத, பேரூராட்சி லெட்டர்ல கேளு, இல்லன்னா மதிலுக்காரன் உன்ன சொந்தப் பகைன்னு சொல்லுவான்.

நகல் கைக்கு வந்தா சொல்லு தம்பி. நானே டேப்ப எடுத்துக்கிட்டு வாறேன், பஸ்ஸு காசு மட்டும் நீ குடு. மழைக்கு முன்ன வரணும், பிறகு அந்த ஓட்டைக்குள்ள குனிய என்னால ஆவாது. அந்தத் தலையணைய எடுத்துட்டியளா?